ஆறு தடவையும் திரும்பினாள்

ஜூன் 3

அன்புள்ள மருமகளுக்கு,

நீ நலமா என்று கேட்டால் "நலம்தான் அத்தை" என்று ஒரே வரியில் முடித்துவிடுவாய். அதனால் கேட்கவில்லை. தலைவலி விட்டதா, காலையில் சாப்பிட்டுவிட்டுத்தான் வகுப்புக்குப் போகிறாயா, உன் கட்டிலுக்கு மேலே மழைத்தண்ணீர் இன்னும் சொட்டுகிறதா, இந்த மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் எழுது.

உன் மகள் சுண்டுவுக்குப் பதினாறு மாதம் முடிந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். சுவர் தீர்ந்துபோனால் அப்படியே நின்று என்னைப் பார்க்கிறாள், அடுத்த சுவரை நான் கொண்டுவந்து வைக்க வேண்டும் என்பதைப் போல. நான் தையல் மெஷினில் உட்கார்ந்தால் போதும், எங்கிருந்தாலும் தவழ்ந்து வந்துவிடுவாள். மெஷினின் பக்கக் காலில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தால் எழுந்திருக்கவே மாட்டாள். நான் மிதிக்க மிதிக்க அவளுக்குச் சிரிப்பு. இந்த வாரம் இருநூறு சட்டைக் காலர் தைத்தேன். இருநூறுக்கும் அவள்தான் மேஸ்திரி.

பொறுமை என்றால் அப்படி ஒரு பொறுமை. உன் புருஷன் இந்த வயதில் ஒரு டம்ளர் உருண்டால் வீட்டையே தலையில் தூக்கி வைத்துக்கொள்வான். இவள் அப்படி இல்லை. போன வாரம் நம் ஜன்னலுக்கு நேர் கீழே ரோட்டை மெஷின் வைத்து உடைத்தார்கள். எனக்குப் பல்லெல்லாம் கூசியது. மேல்வீட்டு நர்ஸ் ராத்திரி டியூட்டி முடித்து வந்து தூங்க முடியாமல் இறங்கி வந்து சண்டை போட்டாள். நம் வீட்டு மகாராணி மெத்தையில் கையை விரித்துப் போட்டுக்கொண்டு ரெண்டு மணி நேரம் தூங்கினாள். நர்ஸே அசந்து போனாள். "குழந்தைன்னா இப்படி இருக்கணும், என்ன மருந்து குடுக்குறீங்க?" என்றாள். "வளர்ப்பும்மா, வளர்ப்பு" என்று சொல்லி அனுப்பினேன்.

பேச்சுதான் இன்னும் வரவில்லை. வரும். நம் வீட்டில் எல்லாருமே பேச்சில் லேட்டு, பிறகு வாயை மூடுவதில்லை.

நீ அனுப்பிய பாட, பரீட்சை அட்டவணையைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். பொருளாதாரம், புள்ளியியல், உளவியல், சத்துணவு, குழந்தை வளர்ச்சி. ஐந்தாவதோடு நிறுத்தியவள்தான் நான், ஆனாலும் வரிசை மாறாமல் சொல்லுவேன். பால்காரரிடம் சொன்னேன். "பொருளாதாரமா? அப்ப பால் விலை எப்ப குறையும்னு ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க" என்கிறார். கேட்டுச் சொல்லு.

கப்பலிலிருந்து உன் புருஷன் கடிதம் போட்டானாம், இன்னும் எனக்கு வந்து சேரவில்லை. போன் வேண்டாம். உன் விடுதியில் பேச விடும் மூன்று நிமிஷத்தில் எனக்குத் தொண்டையைக் கனைக்கத்தான் நேரம் இருக்கும்.

அன்புடன்,
அத்தை


ஜூன் 9

அன்புள்ள அத்தைக்கு,

தலைவலி விட்டது. காலையில் சாப்பிடுகிறேன். தண்ணீர் சொட்டுகிறது, கட்டிலை நகர்த்திவிட்டேன். பால் விலையைப் பற்றிப் பொருளாதார சாரிடம் கேட்டேன், அவர் ஒரு மணி நேரம் பதில் சொன்னார், கடைசியில் குறையாது என்று தெரிந்தது.

அவர் நடத்திய இன்னொரு பாடம் மனதில் முள்ளாகத் தைத்துவிட்டது. ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அதற்காக எதை விட்டோமோ அதுதான் அதன் உண்மையான விலையாம். "உங்க உதாரணம் ஒண்ணு எழுதுங்க" என்றார். எல்லாரும் எழுதினார்கள். நான் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

அத்தை, இப்போது எழுதப்போவதைக் கோபப்படாமல் படிக்க வேண்டும். குழந்தை வளர்ச்சி வகுப்பில் டீச்சர் ஒரு பட்டியல் போட்டார். எந்த மாதத்தில் எது வர வேண்டும் என்று. நடப்பது, நிற்பது, பிடிப்பது எல்லாவற்றிலும் நம் சுண்டு சரியாகவே இருக்கிறாள். மனதுக்குள் டிக் போட்டுக்கொண்டே வந்தேன். பிறகு டீச்சர், "பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பணும். பெரிய சத்தம் கேட்டா தூக்கத்திலயும் திடுக்கிடணும். திடுக்கிடலன்னா சமத்துப் பிள்ளைன்னு சந்தோஷப்படாதீங்க, முதல்ல காதைப் பாருங்க" என்றார். உங்கள் கடிதம் அப்போது என் நோட்டுக்குள்தான் இருந்தது. ரோடு உடைத்தார்கள் என்று எழுதியிருந்தீர்களே. அதன் பிறகு அந்த வகுப்பில் என்ன நடத்தினார்கள் என்று எனக்குத் தெரியாது.

ஒன்றும் இருக்காது. அசந்த தூக்கமாக இருக்கும். எனக்காக ஒரே ஒரு தடவை, அவள் விழித்திருக்கும்போது, பின்னால் நின்று ஸ்பூனால் டம்ளரைத் தட்டிப் பாருங்கள். திரும்புகிறாளா என்று மட்டும் எழுதுங்கள்.

பயப்படாதீர்கள். நான் பயப்படவில்லை.

மருமகள்


ஜூன் 14

மருமகளுக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் பதில் எழுதவில்லை. எழுதியிருந்தால் நீ அங்கே அழுதிருப்பாய்.

மூன்று பிள்ளை பெற்றேன், மூன்றையும் வளர்த்தேன். தங்கச்சி பிள்ளைகள் இரண்டும் என் மடியில்தான் வளர்ந்தன. எந்தப் பட்டியலையும் பார்த்து வளர்க்கவில்லை. குழந்தை அழுதால் சத்தம் என்கிறீர்கள், அழாவிட்டால் நோய் என்கிறீர்கள். படிக்கப் போ என்று ஊரோடு சண்டை போட்டு அனுப்பினேன். உன் அம்மா வீட்டில், "கைக்குழந்தைய விட்டுட்டுப் படிக்கப் போறாளா?" என்று கேட்டபோது, "என் கையும் கைதான்" என்று சொன்னவள் நான். படித்துவிட்டு நீ என் பேத்திக்கே குறை கண்டுபிடிப்பாய் என்று தெரியாது.

போகட்டும். நீ சொன்னதைச் செய்தேன்.

நேற்று சாயங்காலம் அவள் மெஷின் காலில் சாய்ந்து, காலியான நூல்கண்டுகளை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். டம்ளரைக் கையில் பிடித்தால் சத்தம் மொட்டையாக வரும் என்று, அதை மெஷின் பலகையிலேயே நன்றாக உட்கார வைத்து, அவள் தலைக்குப் பின்னால் நின்று ஸ்பூனால் தட்டினேன். திரும்பினாள். வேறு பக்கம் பார்க்க விட்டு மறுபடி தட்டினேன். திரும்பினாள். ஆறு தடவை தட்டினேன், ஆறு தடவையும் திரும்பினாள். கடைசியில், "இந்தக் கிழவிக்கு என்ன வந்தது?" என்கிற மாதிரி ஒரு பார்வை வேறு.

உன் டீச்சரிடம் சொல்லு. ஆறுக்கு ஆறு. இனி இந்தப் பேச்சு வேண்டாம். அடுத்த மாதம் பரீட்சை, அதைப் பார்.

அத்தை


ஜூன் 20

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தை வராந்தாவில் நின்றபடியே படித்தேன். ஆறுக்கு ஆறு என்ற இடத்தில் என்னையறியாமல் சத்தமாகச் சிரித்துவிட்டேன், வார்டன் எட்டிப் பார்த்தார். என்னை மன்னித்துவிடுங்கள். நீங்கள் திட்டியது அத்தனையும் சரி. அன்றைக்கு இரண்டு சாப்பாடு சாப்பிட்டேன்.

இதோடு கடிதத்தை முடித்திருக்க வேண்டும். முடிக்க முடியவில்லை.

என் அறையில் இருப்பவளுக்குக் கணக்கு என்று பட்டப்பெயர், புள்ளியியலில் புலி. அவளிடம் சந்தோஷமாகப் படித்துக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. "குழந்தை எதுல சாஞ்சிருந்துச்சு?" என்று கேட்டாள். மெஷினில் என்றேன். "டம்ளர் எதுமேல இருந்துச்சு?" மெஷின்மேல் என்றேன். அவள் எழுந்து வந்தாள். மேஜையில் என் முதுகைச் சாய்த்து உட்காரவைத்தாள். என் இரண்டு காதையும் தலையணையால் அழுத்தி மூடச் சொன்னாள். மேஜைமேல் டம்ளரை வைத்துத் தட்டினாள்.

அத்தை, எனக்கு முதுகில் தெரிந்தது. ஒவ்வொரு தட்டும் தெரிந்தது.

அதனால் சுண்டுவுக்குக் கேட்கவில்லை என்று ஆகாது. கேட்டும் திரும்பியிருக்கலாம், முதுகில் பட்டும் திரும்பியிருக்கலாம், எது என்று தெரியாது, அவ்வளவுதான். புள்ளியியல் வகுப்பில் இதையேதான் சொல்கிறார்கள். இரண்டு காரணம் கலந்திருந்தால் ஒன்றைப் பிரித்துவிட்டுப் பார்க்க வேண்டுமாம்.

கடைசியாக ஒரு தடவை. மெத்தை நடுவில் உட்கார வையுங்கள், எதிலும் சாயக்கூடாது. டம்ளரைக் கையில் தொங்கவிட்டுப் பிடியுங்கள். உங்கள் நிழல் அவள்மேல் விழக்கூடாது, நடக்கும் அதிர்வும் வேண்டாம், முதலிலேயே போய் நின்றுவிடுங்கள். இன்னொன்று. சில தடவை தட்டாமல் சும்மாவும் நில்லுங்கள். தட்டாதபோதும் அவள் திரும்புகிறாளா என்று எண்ணிக்கொள்ளுங்கள். குழந்தைகள் தானாகவும் திரும்பும்.

நான் பயப்படவில்லை என்று போன கடிதத்தில் எழுதினேன். பொய்.

மருமகள்


ஜூன் 27

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் நலம். காலர் வேலை அதிகம், அதனால் நீளமாக எழுத நேரமில்லை. சுண்டுவுக்குக் கீழே இன்னொரு பல் வந்திருக்கிறது. பால் ஒழுங்காகக் குடிக்கிறாள்.

பரீட்சைக்கு நன்றாகப் படி. மனதை அலைய விடாதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

அத்தை


ஜூலை 2

அத்தை,

ஐந்து மாதத்தில் நீங்கள் இவ்வளவு சின்னக் கடிதம் எழுதியதே இல்லை. ஒரு திட்டு இல்லை. பால்காரர் இல்லை, நர்ஸ் இல்லை. பல் வந்ததை எழுதியிருக்கிறீர்கள், நான் கேட்டதை எழுதவில்லை. இரண்டு நாளாக அந்த எட்டு வரியைத்தான் திருப்பித் திருப்பிப் படிக்கிறேன்.

பார்த்தீர்களா, இல்லையா?

பாடப் புத்தகத்தில் இன்னொரு அத்தியாயம் இருக்கிறது. இதுவரை அதைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். நேற்றுப் படித்தேன். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் தாய்க்கு ருபெல்லா என்று ஒரு காய்ச்சல் வந்தால், லேசாகத்தான் வருமாம், உடம்பில் சிவப்பாகத் தடித்துவிட்டு மூன்று நாளில் போய்விடுமாம், ஆனால் வயிற்றுப் பிள்ளையின் காதையோ கண்ணையோ இருதயத்தையோ தொட்டுவிட்டுப் போகுமாம்.

சுண்டு வயிற்றில் இருந்த இரண்டாம் மாதம் உங்களுக்கு நினைவிருக்கிறதா? எனக்குக் கழுத்திலும் முதுகிலும் சிவந்து தடித்திருந்தது. டாக்டரிடம் போகலாமா என்று கேட்டேன். "வேர்க்குரு, புழுக்கத்துல எல்லாருக்கும் வர்றதுதான், இதுக்கெல்லாம் ஆஸ்பத்திரியா?" என்றீர்கள். நானும் சரி என்று விட்டுவிட்டேன். உங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. இல்லை, கொஞ்சம் அதற்கும்தான் எழுதுகிறேன். எழுதிவிட்டு அடிக்கலாம் என்று பார்த்தேன், அடிக்க மனமில்லை.

பதினைந்தாம் தேதி பரீட்சை தொடங்குகிறது, இருபத்திரண்டில் முடிகிறது. நடுவில் போனால் சேர்க்கையே ரத்து, அடுத்த வருஷம் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனாலும் பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே எடுத்து வைத்திருக்கிறேன். எனக்கு உண்மை தெரிய வேண்டும். எதுவாக இருந்தாலும் தெரிய வேண்டும். இந்தத் தடவை பல்லைப் பற்றி எழுதாதீர்கள்.

மருமகள்


ஜூலை 6

என் மருமகளுக்கு,

பார்த்தேன். ஜூன் இருபத்து நாலாம் தேதி, உன் கடிதம் வந்த அன்றைக்கே பார்த்தேன்.

நீ சொன்னபடியே மெத்தை நடுவில் உட்கார வைத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு, வெளிச்சம் எனக்கு எதிரில் இருக்கும்படி போய் நின்றுகொண்டேன். கையில் டம்ளர். முதல் தடவை தட்டினேன், திரும்பவில்லை. விளையாட்டில் மும்முரம் என்று நினைத்தேன். இரண்டாவது தட்டினேன். மூன்றாவது. நாலாவது தட்டாமல் சும்மா நின்றேன், அப்போது திரும்பினாள்! என்னைப் பார்த்துச் சிரித்தாள். மொத்தம் பதினோரு தடவை. ஏழு தட்டு, நாலு சும்மா. ஏழில் ஒன்றுக்குத் திரும்பினாள், நாலில் ஒன்றுக்குத் திரும்பினாள். உன் கணக்குத் தோழியிடம் சொல்லு, அவளுக்குப் புரியும். எனக்கே புரிந்துவிட்டது.

பிறகு டம்ளரை வைத்துவிட்டு, பெரிய சட்டியின் மூடியை எடுத்து வந்து அவள் முதுகுக்குப் பின்னால் கரண்டியால் ஓங்கி அடித்தேன். நர்ஸ் மேலேயிருந்து, "என்னாச்சும்மா?" என்று கத்தினாள். சுண்டு நூல்கண்டை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள்.

கையிலிருந்ததை அப்படியே போட்டுவிட்டு அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. அவள் என் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தபோதுதான் நினைவு வந்தது. அதுவரைக்கும் அவளோடு பேசிக்கொண்டே இருந்தேன். என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லும்போதே, இத்தனை மாதம் நான் பேசியது எல்லாம் யாரிடம் என்று ஒரு நினைப்பு வந்தது பார், அதை எழுத எனக்குத் தெரியவில்லை.

அன்றைக்கே உனக்கு எல்லாவற்றையும் எழுதினேன். உறையில் போட்டு ஒட்டினேன். தபால் பெட்டி வரை போனேன். போடவில்லை. போட்டால் நீ வந்துவிடுவாய், வந்தால் உன் படிப்பு போயிற்று என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதி உண்மையை நீ போன கடிதத்தில் எழுதிவிட்டாய். வேர்க்குரு என்று நான்தான் சொன்னேன். உன் பாடப் புத்தகம் எனக்குத் தெரியாது. ஆனால் அந்தச் சிவப்பு எனக்கு மறக்கவில்லை. மூடியை அடித்த நிமிஷத்திலிருந்து உன் கழுத்துதான் கண்ணில் நிற்கிறது.

சும்மா இருக்கவில்லை. போன திங்கட்கிழமை யாரிடமும் சொல்லாமல் அவளைத் தூக்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். காதுப் பிரிவு இரண்டாம் மாடியில். வரிசையில் நாலு மணி நேரம். டாக்டரம்மா சின்ன வயசு. காதுக்குள் விளக்கு அடித்துப் பார்த்தார், வெளியில் ஒன்றும் அடைப்பு இல்லை என்றார். பிறகு பேனாவைத் திறந்துகொண்டு, "கர்ப்பத்துல அம்மாவுக்கு ஏதாவது காய்ச்சல், தடிப்பு வந்துச்சா?" என்று கேட்டார்.

நான், "இல்லை" என்றேன்.

சீட்டு எழுதிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு படிக்கட்டு வரைக்கும் வந்துவிட்டேன். ஒரு படி இறங்கினேன். சுண்டு என் தோளில் தலையைச் சாய்த்திருந்தாள். திரும்பிப் போய் மறுபடி வரிசையில் நின்றேன். முன்னால் நின்றவர், "இப்பத்தானே பார்த்துட்டு வந்தீங்க?" என்று சண்டைக்கு வந்தார். உள்ளே போய், "ரெண்டாம் மாசத்துல வந்துச்சும்மா. மூணு நாள். நான்தான் ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டேன்" என்றேன். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். தலையைக் குனிந்து எழுதிக்கொண்டார். இருதயத்துக்கும் கண்ணுக்கும் வேறு தேதி எழுதிக் கொடுத்தார். அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமாம்.

காதுக்கு மெஷின் வைத்துப் பார்க்கும் சோதனை ஜூலை பதினேழு, காலை பத்து மணி. அதற்கு முன்னால் இடமில்லை. சுவரில் ஒட்டிய அட்டவணையைப் போய்ப் பார்த்தேன். பதினேழாம் தேதி உனக்குக் குழந்தை வளர்ச்சிப் பரீட்சை.

வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. இவ்வளவு நாள் உனக்காக நானே முடிவு செய்தது போதும்.

அத்தை


ஜூலை 11

அத்தை,

பன்னிரண்டு நாள். ஜூன் இருபத்து நாலிலிருந்து ஜூலை ஆறு வரைக்கும் என் பிள்ளையைப் பற்றி எனக்குத் தெரியாத ஒன்றை நீங்கள் தெரிந்து வைத்துக்கொண்டு இருந்திருக்கிறீர்கள். அதை நான் இப்போதைக்கு மன்னிக்கவில்லை. பிறகு மன்னிப்பேனாக இருக்கும்.

பெட்டியைக் கட்டினேன். வார்டனிடம் கையெழுத்து வாங்கப் போனேன். அவர் மேஜைக்கு முன்னால் நின்றதும் எனக்கு அழுகைதான் வந்தது. அவர் குழந்தை வளர்ச்சி டீச்சரைக் கூப்பிட்டு அனுப்பினார். டீச்சர் என்னை வராந்தாவுக்கு அழைத்துப் போனார். எல்லாவற்றையும் சொன்னேன், வேர்க்குருவையும் சொன்னேன்.

டீச்சர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீங்களும் அப்படியே படியுங்கள். "அன்னைக்கு டாக்டர்கிட்ட போயிருந்தாலும் அந்தக் காய்ச்சல் குழந்தைக்குப் போறதைத் தடுக்க மருந்து கிடையாது. உன் மாமியார் சொன்னதாலயும் வரல, நீ அதைக் கேட்டு நடந்ததாலயும் வரல. இப்ப பதினேழு மாசம். நாலு வயசுல கண்டுபிடிச்சு வர்ற பிள்ளைங்களை நான் பார்த்திருக்கேன்." அதைக் கேட்டுவிட்டு நான் நிம்மதியடைந்தேன் என்று எழுத ஆசை. அடையவில்லை. ஆனால் மூச்சு விட முடிந்தது.

பிறகு கேட்டேன், "நான் போகணுமா டீச்சர்?" அவர், "சோதனைக்கு ஒரு மடி வேணும், மடி இருக்கு. அதுக்கப்புறம் பத்து வருஷத்துக்கு ஒரு சம்பளம் வேணும், இதெல்லாம் தெரிஞ்ச ஆள் வேணும். நீயே முடிவு பண்ணு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் வரவில்லை அத்தை. இதை எழுதும்போது என் கையைப் பார்த்தால் வேறு யாருடைய கையோ போல இருக்கிறது. விட்டுக்கொடுத்ததுதான் விலை என்று பொருளாதாரத்தில் சுலபமாக எழுதிவிடலாம். இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் விட்டுக்கொடுப்பது அவளைத்தான். பரீட்சை முடிந்த மறுநாள், இருபத்து மூன்றாம் தேதி காலை வண்டிக்கு வந்துவிடுவேன்.

ஒன்றே ஒன்று சொல்கிறேன், உங்கள் காலில் விழுந்து சொல்கிறேன். அவளை உங்கள் மடியில்தான் உட்கார வைப்பார்கள். சத்தம் வரும்போது நீங்கள் அசையக்கூடாது. தொடை இறுகக்கூடாது, கை அழுத்தக்கூடாது, அந்தப் பக்கம் கண் போகக்கூடாது. பெற்றவர்கள் தங்களை அறியாமலே பிள்ளைக்குச் சாடை காட்டிவிடுகிறார்களாம், பிள்ளையும் திரும்பிவிடுகிறதாம், காகிதத்தில் நன்றாகக் கேட்கிறது என்று எழுதிவிடுகிறார்களாம். அப்புறம் இரண்டு வருஷம் வீணாகப் போகிறது. அவளுக்கு உதவி செய்துவிடாதீர்கள் அத்தை.

மருமகள்


ஜூலை 18

அன்புள்ள மருமகளுக்கு,

நேற்றுப் போய்விட்டு வந்தோம். நேற்றே எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை.

சின்ன அறை. சுவரெல்லாம் பஞ்சு வைத்து மூடியிருந்தார்கள். கதவைச் சாத்தியதும் என் மூச்சு எனக்கே பெரிதாகக் கேட்டது. இரண்டு பக்கமும் இரண்டு பெட்டி. எனக்கு நேர் எதிரில் ஒரு பெண் தரையில் உட்கார்ந்து, சுண்டு நேராகப் பார்க்கட்டும் என்று ஒரு பொம்மையை மெதுவாக ஆட்டிக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவர் மெஷினைத் திருகுகிறவர். "பாட்டி, நீங்க நாற்காலி மாதிரி இருக்கணும். நீங்க இங்க இல்லைன்னு நெனச்சுக்கோங்க" என்றாள் அந்தப் பெண்.

முதலில் வலப்பக்கம் ஒரு சின்னச் சத்தம், குருவி மாதிரி. எனக்குக் கேட்டது. சுண்டு பொம்மையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்தது இடப்பக்கம், கொஞ்சம் பெரிதாக. பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் பெரிதாக. இன்னும். அவளுடைய முதுகு என் மார்பில் சாய்ந்திருக்கிறது, அவள் இரண்டு காலும் என் கைக்குள் இருக்கின்றன. என் சுண்டுவிரல் ஒரு நூல் அசைந்தால் போதும், திரும்பிவிடுவாள். நான் தொட்டால் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அப்படித்தான் வளர்த்திருக்கிறேன்.

உண்மையைச் சொல்கிறேன். செய்துவிடலாம் என்று நினைத்தேன். ஒரு தடவை இல்லை, ஒவ்வொரு சத்தத்துக்கும் நினைத்தேன். திரும்பிவிட்டால் அந்தப் பெண் சிரிப்பாள், டாக்டரம்மா சிரிப்பார், வெளியே வந்து நான் நர்ஸிடம் தலை நிமிர்ந்து சொல்லலாம், உனக்கு ஆறுக்கு ஆறு என்று எழுதலாம். ஒரு நூல்தான். உன் கடிதம் என் ரவிக்கைக்குள் இருந்தது. பல்லைக் கடிக்கவும் பயந்து வாயைத் திறந்தே வைத்துக்கொண்டு நாற்காலி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

பிறகு வந்தது ஒரு சத்தம், லாரி எஞ்சின் மாதிரி, கனமாக. எனக்குத் தலைக்குள் அடித்தது. உடம்பு முழுக்க எழுந்து ஓடு என்றது. நான் அசையவில்லை. மருமகளே, நான் அசையவில்லை. சுண்டு பொம்மையை நோக்கி நீட்டிய கையை அப்படியே அந்தரத்தில் நிறுத்தினாள். திரும்பவில்லை. நிறுத்தினாள், அவ்வளவுதான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் எதையோ குறித்துக்கொண்டார். மறுபடி அதே சத்தத்தை வைத்தார். மறுபடி கை நின்றது. எதிரில் இருந்த பெண் என்னைப் பார்த்தாள். எனக்கு அழக்கூட உத்தரவு இல்லை.

வெளியே வந்து டாக்டரம்மா சொன்னார். சாதாரணப் பேச்சு அவளுக்கு எட்டவில்லை. மிகப் பலமான, கனத்த சத்தம் மட்டும் எங்கேயோ தூரத்தில் எட்டுகிறது. அதாவது கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அடுத்த மாதம் தூங்க வைத்துத் தலையில் ஒயர் ஒட்டி இன்னொரு சோதனை, அதில்தான் சரியாகத் தெரியுமாம். காதுக்குக் கருவி போட அளவு எடுப்பார்கள். வாரத்தில் மூன்று நாள் பயிற்சி, வீட்டு ஆள் கூட இருந்து கற்றுக்கொள்ள வேண்டும். நான் கேட்டேன், "பேசுவாளாம்மா?" அவர், "இப்ப சொல்ல முடியாதும்மா. ஆனா இன்னைக்கு நீங்க அசையாம இருந்ததால உள்ளது உள்ளபடி தெரிஞ்சது. பாதிப் பிள்ளைங்க விஷயத்துல மடி காட்டுற சாடையில நாங்க ஏமாந்துதான் போறோம்" என்றார். அதைச் சொல்லி என்னைத் தட்டிக்கொடுத்தார். எனக்கு அதில் ஒரு சந்தோஷமும் இல்லை. இருதயச் சோதனை புதன்கிழமை. அதற்கும் பயம், இதற்கும் பயம்.

இப்போது வீட்டில் எல்லாமே பயமாக இருக்கிறது. அவள் வாசலை நோக்கி நடந்தால் ஓடிப்போய் நிற்கிறேன். வேண்டாம் என்று கத்தினால் அவள் நிற்கமாட்டாள் என்று இப்போதுதானே தெரியும். இத்தனை நாள் எந்தத் தைரியத்தில் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தைத்தேனோ. நேற்று வரும் வழியில் கீழ்வீட்டு டிரைவர் விளையாட்டாகப் பின்னாலிருந்து வந்து அவளைத் தூக்கினார். வழக்கமாகச் செய்கிறவர்தான். அவள் உடம்பு விறைத்துப் போனதை நேற்றுத்தான் கவனித்தேன். கண் இரண்டும் முழித்து, மூச்சே வராமல், என்னைத் தேடினாள். அவளுக்கு ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் இருந்திருக்கும். யாரும் நடந்து வருவது தெரியாது, கூப்பிடுவது தெரியாது, திடீரென்று காற்றில் இருப்பாள். நாங்கள் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம்.

நேற்றுப் பரீட்சையில் என்ன கேட்டார்கள், என்ன எழுதினாய் என்று நான் கேட்கப்போவதில்லை. மிச்சத்தையும் எழுதி முடி. இருபத்து மூன்றாம் தேதி ஸ்டேஷனுக்கு அவளைக் கூட்டி வருகிறேன். ஐந்து மாதமாக உன்னை அவள் பார்க்கவில்லை. உன்னைத் தெரியாமல்கூடப் போகலாம், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்.

உனக்குப் பொறுக்காது என்று எனக்குத் தெரியும். வண்டியிலிருந்து இறங்கியதும் ஓடிவந்து தூக்கத்தான் கை வரும். தூக்காதே. பின்னாலிருந்து வராதே. சுற்றிக்கொண்டு அவளுக்கு முன்னால் வந்து, உட்கார்ந்து, அவள் உன் முகத்தைப் பார்க்கும்வரை காத்திரு. எவ்வளவு நேரம் ஆனாலும் காத்திரு. பார்த்த பிறகு அவள் பேரைச் சொல்லிக் கூப்பிடு.

அத்தை